சாய்வுச் சோதனை

காற்று எழுமுன் முடித்துவிட வேண்டும்.
லோசோன் கப்பல் துறை, மே மாதம், காலை நாலரை.
செயின்ட் லாரன்ஸ் ஆறு அசையாமல் கிடக்கிறது.
கட்டுக்கயிறுகளைத் தளர்த்தியாகிவிட்டது.
சமையலறைத் தொட்டிகூடக் காலி.
மேல்தளத்தில் எட்டு இரும்புக் கட்டிகள்,
இடமிருந்து வலமாக நகர்த்த ஒரு கிரேன்.
எஞ்சின் அறைக் கூரையிலிருந்து நாலு மீட்டர் கம்பி,
நுனியில் குண்டு,
அது ஆடி அடங்க ஒரு வாளி எண்ணெய்.
பென்சிலோடு குனிந்திருப்பவள்
ஃபெர்னாண்ட் தீவியேர்ஜ், எடைப் பிரிவு.

யாரும் நடக்காதே, என்று கத்துகிறான் ஒவிலா.
தனக்கு வந்த இருமலையும் விழுங்கிக்கொள்கிறான்.

எழுபதில் இந்தக் கப்பல் வெறும் காகிதம்.
ஒட்டாவாவிலிருந்து வாரம் ஒரு கடிதம்,
கடிதத்துக்கு ஓர் ஆசை:
ஒரு ஹெலிகாப்டர் போதாது, இரண்டு.
நீர்மூழ்கியின் மூச்சைக் கேட்க
இன்னும் ஆழத்துக்கு இறங்கும் ஒரு காது.
கொதிக்கும் புகை ஏரியல்களைச் சுடாதிருக்க
முயல்காதுபோல் வெளிப்பக்கம் விரிந்த
இரண்டு புகைபோக்கிகள்.
ஆசைக்கு எடை இல்லை என்பவர்கள்
எங்கள் அறையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.
நான் பவுண்டில் எழுதிக்கொண்டே போனேன்,
திருகாணி, தலையணை,
பாதிரியாரின் மடக்குப் பலிபீடம்.

கூட்டிப் பார்த்தால் வரம்புக்கு மேல் பதினேழு டன்.
அத்தனையும் உயரத்தில்.

தலைமை வரைவாளர் பெல்லவான்ஸ் கதவைச் சாத்தினார்.
கம்பிவடங்களை இன்னொரு முறை கூட்டுங்கள், என்றார்.
கூட்டினேன். அதே எண்.
இன்னொரு முறை, என்றார்.
மூன்றாம் முறைதான் புரிந்தது
அவர் கேட்டது எந்த மாதிரிக் கூட்டல் என்று.
எனக்கு இருபத்து நாலு வயது.
வாடகை பாக்கி இருந்தது.
நல்ல பேனா, மசி சிந்தவே இல்லை.

என் புத்தகத்தை நகலெடுத்து
மற்ற மூன்றையும் கட்டினார்கள்.
ஒரே வகுப்பு, நாலு கப்பல்,
நாலு பதினேழு.

ஒன்றும் கவிழவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.
ஆனால் ஜனவரி இரவுகளில்
வட அட்லாண்டிக்கில் தெறிக்கும் நீர் உறைகிறது
என்று வானொலி சொல்லும்போது
ரோஸேர் பக்கத்தில் குறட்டை விட,
நான் இருட்டில் கூட்டிக்கொண்டிருப்பேன்:
கொடிமரத்தில் இத்தனை பனி,
கைப்பிடிக் கம்பியில் இத்தனை,
அதன்மேல் என்னுடையது.

இப்போது கப்பல் திரும்பி வந்திருக்கிறது,
இன்னொரு இருபது வருஷம் வாழ.
முயல்காதுகளை வெட்டியெடுப்பார்கள்,
அந்த இடத்தில் தடித்த ஒற்றைப் புகைபோக்கி.
முன்தளத்தைப் பிளந்து ஏவுகணைக் கிணறுகள்.
புது மேல்சுமைக்கு ஈடாக
எரிந்த எண்ணெயின் இடத்தில் கடல்நீர் புகுந்து நிரம்பும்,
தொட்டி ஒருபோதும் காலியாக இராது.
அந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரோஸேர் போய் அப்போது எட்டு மாதம்.

கட்டிகள் நகர்கின்றன.
குண்டு எண்ணெயில் தயங்கி, நகர்ந்து, நிற்கிறது,
புத்தகம் சொன்ன கோட்டைத் தாண்டி.
ஆற்றில் படகிலிருந்து மிதவைக் கோடு படிப்பவனும்
அதையே சொல்கிறான்.

அறுபத்து மூன்று டன் அதிகம்.

கமாண்டர் ஹார்கிரீவ் தொப்பையைத் தட்டிச் சிரிக்கிறார்:
இருபது வருஷத்தில் யார்தான் பருக்கவில்லை, மதாம்?
பெயிண்ட் மேல் பெயிண்ட், செத்த வடங்கள்,
மாலுமிகள் ஒளித்துவைத்த பீர்.
அவர் விரல்விட்டு எண்ணுகிறார்.
நாற்பத்தாறுக்கு அது சரிதான்.

புதுப் புத்தகம், கிலோகிராமில்.
எடை என்ற கட்டத்தில் முழு எண்ணையும் எழுதுகிறேன்.
கப்பல் முதன்முதலாகத் தன் எடையோடு நிற்கிறது.
காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும்
கை நிற்கிறது.

பெல்லவான்ஸ் செத்துப் பத்து வருஷம்.
பென்ஷனுக்கு எனக்கு ஏழு.

ஆற்றின்மேல் முதல் சுருக்கம் விழுகிறது, காற்று.
ஒவிலா இவ்வளவு நேரம் அடக்கிய இருமலை
இருமித் தீர்க்கிறான்.
கம்பி லேசாக ஆடுகிறது.

பெயிண்ட், என்று எழுதுகிறேன்.