இருபடி

கோனாபட்டில் அந்த வளவைச் சுற்றிப் பத்து அறை.
பத்துக்கும் பத்துப் புள்ளி.
இங்கே கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி.
நான் படித்த இடத்தில் புள்ளி என்றால்
கோடுகள் வந்து சேரும் முனை.
பெரிய வித்தியாசம் இல்லை.

ஐந்தாம் அறை வயிரவனுக்கு அறுபதாம் சாந்தி.
மூன்று நாள் ஆள் தங்குகிறது.
சோறு முன்னே பின்னே ஆகலாம்,
வைஃபை நிற்கக் கூடாது.
புதன்கிழமை காலை
ஏணியோடு நானும் சவேரியும் போய் இறங்கினோம்.

சுவர் ஒரு முழத்துக்கு மேல்.
இரண்டு டிரில் பிட் ஒடிந்தது.
அலை மட்டும் ஒரு சுவர் தாண்டி
இரண்டாம் சுவரும் தாண்டி
மூன்றாவதில்தான் மூச்சை விட்டது.

ஆகவே கணக்கு இது:
கையிலிருப்பது மூன்றே அலைவரிசை,
ஒன்று, ஆறு, பதினொன்று.
பக்கத்து அறையோடு மட்டும் மோதுமென்றால்
ஒன்று ஆறு ஒன்று ஆறு என்று
இரண்டிலேயே பத்தையும் முடித்துவிட்டு
மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்போம்.
பக்கத்துக்குப் பக்கத்தையும்
பக்கம் என்றே எடுத்துக்கொண்டால்
அதே வட்டத்துக்கு இருபடி என்று பெயர்.
வாசற்படி இரண்டுக்குள் எட்டுகிறவர் எல்லாம் சொந்தம்,
சொந்தத்துக்குள் ஒரே எண் ஆகாது.

சிமெண்ட் பையின் முதுகில் வட்டம் போட்டேன்.
ஒன்று ஆறு பதினொன்று
ஒன்று ஆறு பதினொன்று
ஒன்று ஆறு பதினொன்று
பேனா நின்றது.
பத்தாவதன் இந்தப் பக்கம் பதினொன்றும் ஆறும்,
அந்தப் பக்கம் ஒன்றும் ஆறும்.
மூன்றால் வகுபடாத வட்டம்
கடைசி ஆளை வெளியில் நிறுத்துகிறது.

"அக்கா, பத்துதான் பூட்டிக் கெடக்கே" என்றான் சவேரி.

பூட்டின் மேல் இன்னொரு பூட்டு.
உண்ணாமலையின் பங்கு.
தேவகோட்டைக் கோர்ட்டில்
பதினாலு வருஷமாக வயிரவனோடு வாய்தா.
நேர் எதிர் வாசல்,
நடுவில் வானம் மட்டும்.
எனக்கு நிம்மதியாக இருந்தது, சொன்னால் என்ன.
அவர்கள் சண்டையில்தான்
என் கணக்கு சரியாக வந்தது.

ஏணி மேல் நின்றபடி படியை ஏற்றிப் பார்த்தேன்.
மூன்றாம் படி, நான்காம் படி.
நான்கில் ஒவ்வொருவருக்கும்
எதிர்வாசல் ஒன்றைத் தவிர எல்லாரும் பக்கம்.
ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்ள
அந்த எதிரி ஒருவர்தான் மிச்சம்.
ஐந்தில் அதுவும் போச்சு.
எல்லாருக்கும் எல்லாரும் பக்கம்,
பத்துப் பேருக்குப் பத்து நிறம்.
நெருக்கம் கூடக் கூட
ஒத்துப்போக இடம் குறைகிறது.
என் மாமியார் வீட்டைப் பற்றி
நான் எதுவும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு ஒரு கார்.
உண்ணாமலை இறங்கினார்,
சாவி முந்தானையில் இல்லை, ஹேண்ட்பேகில்.
"சாந்தின்னா புள்ளிக்கு ஒரு ஆள் நிக்கணும்ல" என்றார்
யாரையும் பார்க்காமல்.
பூட்டு இரண்டும் எண்ணெய் கேட்டன.

நாலாவது அலைவரிசை எங்கே போய் வாங்க?
பையைத் திருப்பி வைத்துக்கொண்டு
அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு இரண்டாம் அறைக்கும் எட்டாம் அறைக்கும் போய்
ஒரே விஷயத்தைக் கேட்டேன்:
உங்கள் பெட்டியின் குரலைக் கொஞ்சம் தாழ்த்தட்டுமா,
ஒரு சுவரோடு நிற்கிற அளவுக்கு?
எட்டாம் அறைக்காரருக்குக் கிரிக்கெட் கவலை.
கிரிக்கெட் வரும் என்றேன்.
பத்தையும் அதே அளவுக்குத் தாழ்த்தி
ஆறைக் கொடுத்தேன்.
மூன்று பேர் மெதுவாகப் பேசினால்
அந்த மூன்றுக்குள் இருபடி ஒருபடியாகிவிடும்.
இது தேற்றம் இல்லை. அந்தச் சுவர்களுக்குப் பொருந்தியது.

ஏணியை மடக்கும்போதுதான் கவனித்தேன்.
ஐந்துக்கும் ஆறு.
எதிரும் புதிரும் ஒரே அலையில்
ஒன்றையொன்று தொடாமல்.

ராத்திரி பில் எழுதினேன், ஒன்பது பங்காக.
வயிரவன் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"பத்தாப் போடும்மா" என்றார்,
"வரியிலே புள்ளி விடக் கூடாது."