பொருள்: அழுகையைத் தரப்படுத்துதல் தொடர்பாக

கோப்பை நான்தான் எழுதினேன்.
ஷகுஃப்தாவுக்கும் தேபோபமுக்கும்
அரசாங்கக் குறிப்பு எப்படிச் செருமும் என்று தெரியாது.
நான் சாஸ்திரி பவனில் பதினெட்டு வருடம்
அடுத்தவர் கையெழுத்துக்குக் கீழே
என் கையெழுத்தைச் சற்றுச் சின்னதாகப் போட்டவன்.

படத்தின் கதை இது:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு.
தேசத்துக்குக் கொடி வந்துவிட்டது,
பறவை இன்னும் வரவில்லை.
சாவுக்கு ஒரே மாதிரி அழத் தெரியவில்லை.
அதற்கொரு குழு. எட்டு உறுப்பினர்கள்,
தினப்படி பன்னிரண்டு ரூபாய்,
ராஜ்யத்துக்கு ஓர் அழுகை வரவழைக்கப்படும்.

அப்படி ஒரு குழு இருந்ததேயில்லை.
"இருந்திருக்கலாம்" என்றாள் ஷகுஃப்தா,
ஆவணக் காப்பகத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்து
கரையான் தின்ற ஓட்டைகளை மட்டும் படம் பிடித்தவள்.

தேயிலைத் தண்ணீரில் தாளை நனைத்து
இடிக்கப்போகிற சரோஜினி நகர் குவார்ட்டர்ஸின்
மொட்டைமாடியில் காயப்போட்டோம்.
டிசம்பர் வெயிலில் ஐம்பத்தேழு ஆக
மூன்று நாள் பிடித்தது.
பச்சை மசி இணைச் செயலருக்கு.

பஞ்சாப்: ஒலி அதிகம். மார்பில் அடிப்பதைக் குறைக்கக் கோரலாம்.
வங்காளம்: இலக்கியத் தரம் உண்டு. கண்ணீர் போதவில்லை.
மணிப்பூர்: அடுத்த நிதியாண்டில்.

எழுத எழுதச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.
பொய்க் கோப்பில்கூட
'அனுமதிக்கலாம்' என்ற சொல்லுக்கு
என் விரல் வளையவில்லை.
'பரிசீலிக்கலாம்' என்றே எழுதியது.

சென்னை ராஜ்யத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்றார்கள்.
ஜங்புராவுக்குப் போய்ப் பூவாயியைக் கூட்டி வந்தேன்.
நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள்.
ஒரு நாள் லீவுக்கு அங்கே திட்டு,
இங்கே இரண்டாயிரம்.

மேசைக்கு அந்தப் பக்கம்
கோட்டு போட்ட எட்டு நாடகக்காரர்கள்.
விளக்கு. மைக். துடைத்துவிட்ட தரை.
"அழலாம்" என்றார் தலைவர், இந்தியில்.
பூவாயி அறையைச் சுற்றிப் பார்த்தாள்.
மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள்.

"பொணம் எங்க?"

ஸ்கிரிப்டில் இல்லாத வரி.
கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
எட்டுப் பேரும் அவரவர் காகிதத்தைப் புரட்டினார்கள்,
அங்கே இருக்குமோ என்று.

என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்றான் தேபோபம்.
எந்தப் பக்கம் பார்த்து அழணும்னு கேக்கறா
என்றேன்.
பதினெட்டு வருட வேலை. தானாக வந்தது.

அவன் விரல் நீட்டி லென்ஸைக் காட்டினான்.
அவள் அதைப் பார்க்கவில்லை.
தரையில் குந்தி, முந்தானையை வாயருகே கொண்டுபோய்,
அந்த வாரம் கேம்ப் முழுக்கச்
சிவப்புப் பெயிண்டில் எண் போட்டுப் போனவர்களை
உள்ளே இழுத்தாள்:

எண்ணு போட்ட சொவரு
எடுத்துக்கிட்டுப் போறீங்களே
சொவத்துல சாஞ்சவள
எந்தக் கணக்குல வெப்பீங்க

ஒரே டேக்.

அடுத்த குளிரில் லாடோ சராயில் திரையிட்டார்கள்.
இருட்டறை, மூன்று திரை, பதினேழு நிமிடம்.
அவள் வாய் திறந்த இடத்தில்
கீழே ஆங்கிலத்தில் என் பொய் ஓடியது.
"எங்கே பார்ப்பது! அரசின் முன் கலைஞர் கேட்கும்
ஆதிக் கேள்வி!" என்றார் ஒரு விமர்சகர்.
குறித்தும் கொண்டார்.
பூவாயி வரவில்லை. இப்போது நரேலா. மூன்று பஸ்.

ஷகுஃப்தாவிடம் உண்மையைச் சொன்னேன்.
வெகுநேரம் என் வாயையே பார்த்தாள்.
"மாற்ற வேண்டாம்" என்றாள். "நீங்களும் படத்தில் இருங்கள்."

கோப்பு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது,
தொடாதீர்கள் என்ற அட்டையோடு.
மூடுவதற்கு முன்
கடைசிப் பக்கத்தில் ஒன்று சேர்த்திருந்தேன்:

மேற்படி பிரதிநிதி எழுப்பிய வினா குறித்து
உரிய பிரிவிடம் விவரம் கோரப்பட்டுள்ளது.
பதில் நிலுவையில்.