பிந்திய பொறி

பெற்றோல் சொன்னவுடன் எரியும்.
மண்ணெண்ணெய் அப்படியில்லை,
முதலில் அதைச் சுடவைக்க வேணும்.
சூடு மிஞ்சினாலோ
சொல்லமுன்னமே எரிந்து
பிஸ்ரனின் மண்டையில் குட்டும்.

அந்தக் குட்டுக்குப் பயந்துதான்
தகரத்தில் இன்னொரு காஸ்கெற் வெட்டி
எஞ்சின் தலைக்குக் கீழே வைத்தேன்.
பொயின்ற் தட்டை மயிரிழை திருப்பிப்
பொறியைப் பிந்தப் பண்ணினேன்.
இடைவெளி மூன்று சவர அலகு.
நாலாவது நுழைந்தால் பிழை.

மல்லாவியில் அந்த வருடம்
பெற்றோல் கண்மருந்துச் சூப்பியில் வந்தது.
காபரேற்றர் வாயில் பத்துத் துளி,
ஒரு உதை,
பிடித்துக்கொண்டால்
மண்ணெண்ணெய்க் குழாயைத் திற.
பிடிக்காவிட்டால்
இன்னொரு பத்துத் துளிக்கு யாரிடம் போவாய்?

சௌந்தரநிதி மிஸ் வந்தது இரவு பதினொன்றுக்கு.
வவுனிக்குளத்துக்கு அங்கால் ஒரு பிள்ளைத்தாச்சி,
கூட்டிக்கொண்டு வர வழியில்லை.
சூப்பியில் இருந்த கடைசியைப் பிழிந்தேன்.
எம்.டி. தொண்ணூறு
இருமி, வெள்ளையாய்ப் புகைத்து,
பிறகு ஒத்துக்கொண்டது.

முறுக்கினால் வெளிச்சம்,
விட்டால் இருட்டு.
பள்ளத்தைக் கண்டு வேகம் குறைத்தால்
பள்ளமும் மறைந்துபோகும்.

கொட்டிலில் விளக்கு இருந்தது,
விளக்குக்குள் ஒன்றும் இல்லை.
"நிப்பாட்டாதேங்கோ" என்றா மிஸ்.
முன்லைற்றை வாசலுக்குத் திருப்பி
ஸ்ராண்டில் ஏற்றி
முறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.
விளக்குக்கு ஊற்ற வேண்டியதை
எஞ்சினுக்கு ஊற்றி
எஞ்சினால் விளக்கெரித்தோம்.

காற்றுப் படாமல் நிற்கிற எஞ்சின்
எவ்வளவு நேரம் தாங்கும்?
பெட்டையின் தகப்பன்
சுளகால் விசிறினார் சிலிண்டருக்கு.
உள்ளே மகள் கத்த
இங்கே இவர் இன்னும் வேகமாய் விசிறினார்.
முக்கால் மணித்தியாலத்தில்
குட்டத் தொடங்கிற்று,
டிக், டிக், டிக்,
பிந்த வைத்த பொறிக்கும் முந்தி.
கையைத் தளர்த்தச் சொன்னது காது.
தளர்த்தினால் அங்கே
மிஸ்ஸின் விரல்கள் இருட்டில்.

பிளக்கில் கரி ஏறி
ஒருமுறை விட்டடித்தது.
வாசல் அணைந்தது.
திரும்ப எரிந்தபோது
எஞ்சினுக்கு மேலால் கேட்டது
இன்னொரு சத்தம்,
சின்னன், ஆனால் ஒழுங்காய்.

மிஸ் வெளியே வந்தா.
முழங்கைவரை ஈரம்.
"இனி அதை நிப்பாட்டுங்கோ,
பிள்ளை பயப்பிடுது."

நிப்பாட்டினேன்.
சூப்பியை இன்னொருதரம் பிழிந்து பார்த்தேன்,
மணம் மட்டும் வந்தது.
நாலு கட்டை உருட்டினோம்,
அவ பின்னால் தள்ள, நான் முன்னால் பிடிக்க.
"அந்த டிக் டிக் என்னது?" என்று கேட்டா.
"நேரத்துக்கு முந்தி எரியிறது, மிஸ்."
"இதுவும் மூன்று கிழமை முந்தித்தான்" என்றா.

இரண்டாம் கட்டையில்
செயின் கழன்றது.