கேபிள் திருடுபோன இரவு

மெர்பேங்க். மார்ச் மாதம். ஆறாம் கட்ட மின்வெட்டு.
அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகிறது.
தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும்
என் மகன் லுவேந்திரனைத்தான் கேட்பார்கள்.
ஒன்பது வயது. பேசமாட்டான்.
விரலால் கட்டத்தைத் தொட்டுக் காட்டுவான்:
ஆறு மணி முதல் எட்டரை.
தப்பியதே இல்லை.

அவனுக்கு ஃபிரிட்ஜ் பிடிக்கும்.
பள்ளி வேன் இறக்கிவிட்டதும் ஷூவைக்கூடக் கழற்றாமல்
அதன் பக்கவாட்டில் கன்னத்தை வைத்து நிற்பான்.
உள்ளே மோட்டார் முனகும். அவன் தோள்கள் இறங்கும்.
வெள்ளைப் பெயின்ட்டில் கன்னம் பட்ட மங்கல்
வருடா வருடம் மேலே ஏறுகிறது.
அவன் உயரத்தை நான் வேறெங்கும் குறித்து வைக்கவில்லை.

நாத்தனார் சர்ச்சுக்கு அழைத்தாள்.
பாஸ்டர் தலையில் கை வைத்தார். இவன் அந்தக் கையை எடுத்து
பாஸ்டரின் தலையிலேயே திருப்பி வைத்தான்.

மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்:
ஒரு சொல், தாயே. 'அம்மா' கூட வேண்டாம், 'தண்ணி' போதும்.
சொல் வரட்டும், புனித வெள்ளியில் பூக்குழி இறங்குகிறேன்.
மூன்று புனித வெள்ளிகள்
கூழ் மட்டும் ஊற்றிவிட்டுத் திரும்பினேன்,
கால் சுடாமல்.
அதுதான் சுட்டது.

பள்ளி வாசலில் பழக்கமானவள் நொம்தாண்டாசோ.
பெயருக்குப் பிரார்த்தனை என்று பொருளாம்.
"என்னைப் பெற்ற பிறகு என் அம்மா
வேறெதுவும் கேட்கவில்லை, பயந்துவிட்டாள்" என்பாள்.
கூச்சத்தோடு ஃபிரிட்ஜ் விஷயத்தைச் சொன்னேன்.
"கொடுத்துவைத்தவள் நீ. என் மகளுக்கு வாஷிங் மெஷின்.
துணி இருக்கிறதோ இல்லையோ, சுற்ற வேண்டும்.
தண்ணீர் பில்லுக்கே பாதிச் சம்பளம்."
மினிபஸ் டாக்சியில்
இறங்க வேண்டிய இடம் தாண்டியும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் செவ்வாய், எட்டரை ஆனது.
வெளிச்சம் வரவில்லை.
எட்டு முப்பத்தொன்று.
ஒன்பது.
யாரோ கேபிளை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள்
என்று வாட்ஸ்அப்பில் வந்தது.
அவனுக்கு எப்படிச் சொல்ல?
அட்டவணையில் திருடர்களுக்குக் கட்டம் இல்லை.

தலையை இடிக்கத் தொடங்கினான், செத்த ஃபிரிட்ஜின் மேல்.
ஒவ்வோர் இடிக்கும் உள்ளே பாட்டில்கள் பதில் சொல்லின.
அவன் அப்பா துறைமுகத்தில், நைட் ஷிஃப்ட்.
தலையணையை இடையில் செருகினேன். பிடுங்கி எறிந்தான்.
தாயே என்று கூப்பிட வாய் திறந்தேன்.
வந்தது சொல் இல்லை.

ம்ம்ம்ம்.

அடித்தொண்டையில், ஏறாமல் இறங்காமல்.
பதினொரு வருடம் கேட்ட மோட்டார்,
அதன் சுருதி எனக்குத் தெரியும்,
நடுவில் வரும் அந்தச் சின்ன உதறல் கூட.
கோயிலில் பெண்களோடு உட்கார்ந்து
பொருள் தெரியாத துதிகளைப் பாடி வளர்ந்தவள்தானே நான்.
யாரோ கேட்கிறார்கள் என்றுதான்
அப்போதும் பாடினோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
இடி நின்றது.
என் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே,
ஈரமாக ஒரு கன்னம்.

பத்தே முக்காலுக்கு மின்சாரம் வந்தது.
தெரு முழுக்கக் கூச்சல், நாய்கள், எங்கோ ஒரு டிவி.
நிஜ ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு எழுந்து முனகியது.
நான் நிறுத்தினேன்.
அவன் நகரவில்லை.
ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.
நான்கு.
பிறகு அதனிடம் போய்விட்டான்.

இந்தப் புனித வெள்ளியில் பூக்குழி இறங்கப்போகிறேன்.
"சொல் வந்துவிட்டதா?" என்றாள் நாத்தனார்.
வந்தது என்றேன்.
யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.