கையெழுத்து

பேரம்பலம் விட்டுப்போனது
கோண்டாவிலில் ஐந்து பரப்புக் காணி,
நாங்கள் கேள்விப்படாத ஒரு மகன்.

நொத்தாரிசுக் கந்தோரில்
சுற்றாத காற்றாடிக்குக் கீழே
எனக்கு எதிரே இருந்தான் அவன்:
றெஜினோல்ட், குருநகர், வயது நாற்பத்தொன்று.
அப்பா கடைசியாகப் பார்த்தபோது
அவனுக்குப் பல்லே முளைக்கவில்லையாம்.

மூக்கை நான் பார்க்கவில்லை. மூக்கு யாருக்கும் வரும்.
ஒப்பமிட்டு முடித்து ஒரு புள்ளி குத்தினான்,
தாள் துளைந்தது.
அப்பாவின் பழைய உறுதிகளைத் தூக்கிப் பிடித்தால்
ஒவ்வொன்றிலும் அதே துவாரத்தால் வெளிச்சம் வரும்.
என் காசோலை இரண்டு தடவை திரும்பியதும்
அதனால்தான்.

பதினாறு வருசமாக ரியூசனில் நான் படிப்பிப்பது இது.
பட்டாணி, நெட்டை, குட்டை,
நிறமூர்த்தம், பரம்பரையலகு,
பலகையில் நாலு கட்டம்.
"கோபத்துக்கும் அலகு இருக்கோ சேர்?"
பின்வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள்.
சோதனைக்கு வராது என்றேன்.

வீட்டில் வேறு பாடம்.
"அது பேரம்பலத்தின்ரை ரத்தம், என்ன செய்ய"
என்று சொல்லுவா அம்மா
கன்னத்தில் ஐஸ்கட்டியை அழுத்தியபடி.
அந்த வசனத்தைத்தான் நானும் கடன் வாங்கினேன்
சாம்பவியின் முதுகில் என் ஐந்து விரலும் பதிந்த அன்று.
வசதியான வசனம்.
அடித்தது நான் இல்லை, அவர்.
செத்தவரை யாரும்
விசாரணைக்குக் கூப்பிடுவதில்லை.

"தகப்பன் இவர்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?
கடற்கரையில பிறக்கிறதெல்லாம்..."
எழுதுவினைஞர் இழுத்தார்.

றெஜினோல்டின் சுண்டுவிரல் துடித்தது.

முதலில் சுண்டுவிரல்.
பிறகு காதுமடல் சிவக்கும்.
பிறகு நாலு மூச்சு.
அதன்பிறகு ஏதாவது உடையும்.
எனக்கு மனப்பாடம்.
மேசையிலிருந்த கண்ணாடிக் குவளையை
மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அவன் எழும்பினான்.
கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்
மணிக்கட்டுக்கு மேலும் தள்ளினான்.
வெளியே போய்
ஜாம்பழ மரத்தைச் சுற்றி நடந்தான்.
பன்னிரண்டு சுற்று, ஜன்னலால் எண்ணினேன்.
திரும்பி வந்து ஒரு கச்சான் சரையை
எல்லாருக்கும் நடுவில் வைத்தான்.
"அம்மான்ரை பேர் மரிய றெஜினா.
முதல்ல அதை எழுதுங்கோ."

பிறகு, கஸ்தூரியார் வீதியில், சோடாவுக்கு முன்னால் கேட்டேன்.
"ஒருக்கா என்ரை வலையை நானே கிழிச்சுப் போட்டன் அண்ணை.
பொத்த மூண்டு நாள்.
மூண்டு நாளும் மற்றவை கடலுக்குப் போச்சினம்.
அதுக்குப் பிறகுதான் பொக்கற்."
சிரித்தான். இடது கண் மட்டும் மூடியது, எனக்கு மூடுவது போல.
"சில நாளில பொக்கற்றும் கிழியும்.
மனுசி இப்ப ரெட்டைத் துணி வைச்சுத் தைக்கிறா."

சைக்கிளில் வரும்போது யோசித்தேன்:
நாலு கட்டத்துக்குள்
அந்த ஜாம்மரத்தை எங்கே வரைவது?

இரவு, திருத்தி முடித்த விடைத்தாள்கள்மேல்
சாம்பவி தேத்தண்ணியைத் தட்டிவிட்டாள்.
சுண்டுவிரல்.
காதுமடல்.
பொக்கற்றைத் தேடிப்போன கை
தொடையில் வழுக்கியது.
சாரத்துக்குப் பொக்கற் கிடையாது.
இடுப்பு முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
அவிழப்போகுது என்று பயந்தவன்போல,
பார்க்கப் பகிடியாக இருந்திருக்கும்.

அவள் சிரிக்கவில்லை.
என் முகத்தைப் பார்க்கவுமில்லை, விரலைத்தான் பார்த்தாள்.
பிறகு நான் அவளுடையதைப் பார்த்தேன்.
பென்சிலைப் பிடித்த நாலு விரலையும் விட்டு விலகி
அது தனியே துடித்துக்கொண்டிருந்தது.
பயத்தில் அல்ல.
பயத்தின் துடிப்பு எப்படி என்று
எனக்கு அம்மாவிடமிருந்து தெரியும்.

நாளைக்குத் தையற்கடைக்குப் போகவேணும்.
இரண்டு சாரம்.
ஒரு பள்ளிக்கூடச் சீருடை.