கணவாயில் பிழை இல்லை

காலை ஐந்தரை.
கண்ணாடியில் கீழுதடு
எனக்கு முன்னமே எழும்பி
வீங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ராத்திரிக் கணவாய்," என்றார் கிருபைராசா.
பிறகு பூச்சி என்றார்,
தலையணையை உதறிப் பார்த்தார்.
கடி இல்லை. சொறி இல்லை.
பல்லுக்கு ஊசி போட்டால் வருமே,
அந்தப் பாரம் மட்டும்.

குளிசைப் பெட்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
மூன்று வருசமாய்க் காலையும் மாலையும்
பிரஷருக்கு ஒரு வெள்ளை எனலபிரில்.
வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது.
வீட்டு ஆளை யார் பிடித்து விசாரிப்பது?

உவர்மலை இறக்கத்தில் நாக்கும் வளரத் தொடங்கியது.
பஸ் நிலையத்தடியில் மான்கள் குறுக்கே நின்றன.
"ஹோனை அடி தம்பி," என்றார் இவர்.
அவன் அடித்தான்.
ஒரு மான் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு
சொப்பிங் பையைச் சப்பப் போனது.

இருபத்தாறு வருசம்
கூண்டுக்கும் நீதவானுக்கும் நடுவில் நிற்பவள் நான்.
தமிழில் விழுவதைச் சிங்களத்தில் எடுத்துக் கொடுப்பேன்.
ஒரு "ஞாபகமில்லை ஐயா"வைக்கூடக் கீழே போட்டதில்லை.
இப்போது வாய் நிறைய ஈரத்துணி.
இரண்டு மொழியும் அதற்குப் பின்னால்
வழி கேட்டு நிற்கின்றன.

கிளினிக் கொப்பியைப் புரட்டிய டொக்டர்
ஒரு வரியில் விரலை வைத்து நின்றார்.
தொடையில் ஊசி. முகத்தில் மாஸ்க்.
"குழாய் இறக்க வேண்டி வரும், ரெடியாக வையுங்கள்"
என்று மெல்லச் சிங்களத்தில் சொன்னார்,
எனக்கு விளங்காதென்று.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாக்காரர் ஒருவர்,
சாரத்தில் இன்னும் மீன் செதில்.
"நெஞ்சுக்குள்ள கல்லொண்டு கிடக்கு மிஸ்ஸி."
மிஸ்ஸிக்குக் கல் மட்டும் விளங்கியது.
சிறுநீர்க் கல்லோ என்று இடுப்பை அமத்தினாள்.

நான் கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டினேன்.
கொப்பியின் பின்னட்டையில்,
ஊசி குத்தின கையால், சிங்களத்தில், கோணலாக:
கல் இல்லை. பாரம். நெஞ்சில்.
அவள் வாசித்தாள். ஓடினாள்.
அவருடைய மார்பில் வயர்களை ஒட்டினார்கள்.
அவர் என்னைப் பார்த்தார்,
என் உதட்டைப் பார்த்தார்,
பயந்து கண்ணை மூடிக்கொண்டார்.

குழாய் தேவைப்படவில்லை.
அடுத்த நாள் பின்னேரம் வீக்கம் வடிய
டொக்டர் அந்த வரியைச் சிவப்பால் வெட்டினார்.
இந்தக் குளிசையின் சொந்தக்காரர் எவரையும்
இனி வீட்டுக்குள் எடுக்க வேண்டாமாம்;
எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும்
முதலில் இதைச் சொல்ல வேண்டுமாம்.

"என்னவாம்?" என்றார் கிருபைராசா.
நான் வாயைத் திறந்தேன்.
கள்ளுக் குடித்தவனின் தமிழில்
வந்தது முதல் மொழிபெயர்ப்பு:
"கணவாயில பிழை இல்லையாம்."