இருபத்தொன்பது

பெருமாள்புரத்தில் மே மாதம், மூன்று மணி.
குழாய்த் தண்ணீர் பிடித்த டப்பில்
நுங்குத் தோடுகள் கப்பலாகி
ஒவ்வொன்றாய் மூழ்கி முடிந்தன.
அடுத்தது ஒளிச்சு விளையாட்டு.

"ஜெபின், நூறு வரைக்கும் எண்ணணும்.
கண்ணத் தெறந்தா அவுட்டு."
அவனுக்கு இருபத்தொன்பதுக்குப் பிறகு
மறுபடி இருபதுதான் வரும்.
தெரிந்துதான் சொன்னேன்.

மாடிப்படிக்கு அடியில்
ரிப்பேரான கூலருக்கும் காலி சிலிண்டருக்கும் நடுவே
ஓர் ஆள் குந்த இடம்.
துப்பட்டா முடிச்சில் ஒரு துண்டு மஸ்கோத் அல்வா,
பிப்ரவரியில் எடுத்த நூலகப் புத்தகம்,
இன்னும் நாற்பத்து மூன்றாம் பக்கம்.

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபது...
சின்னவள் அபிஷாவும் கூடச் சேர்ந்து எண்ணுகிறாள்,
அவளுக்கு ஐந்துக்கு மேல் எல்லாமே ஏழு.
இரண்டு பக்கம் நகர்ந்தது.
வலது கால் மரத்துப்போனது.
விரலில் அல்வா பிசுக்கு,
பக்க ஓரத்தில் என் நெய்க்கறை.
நூலகர் திட்டட்டும்.

எண்ணிக்கை நின்றுவிட்டது.

"எம்மா, எங்கம்மா இருக்க?"
"ஏட்டி, மாடியில பாரு."
ஈரப் பாதங்கள் தப்தப்பென்று ஏறுகின்றன,
பாதியில், சரியாக என் தலைக்கு மேல்,
நிற்கின்றன.

மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.
பத்தி முடிய
இன்னும் மூன்று வரி.